கோழிக்குஞ்சுகளின் கால் நோய்கள்



21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளிடையே ஒன்றிரண்டு எழுந்து நிற்கமாட்டாமற் கிடப்பதுண்டு. கோழி வளர்ப்போர் பலர் அவற்றை ஊனப் பிறவிகளென ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், அவ்வாறு ஒதுக்கப்படுவனவற்றுள் பிழைக்கக்கூடியனவும் உள.

பொரித்துச் சில மணி நேரமேயான குஞ்சு தள்ளாடுவது இயல்பு. ஒரு நாள் கழிந்தும் எழாவிடின் அதன் கால்களைக் கவனித்தல் வேண்டும்.

கால்களிரண்டும் பக்கவாட்டில் அகன்று, குஞ்சு வயிற்றின்மேற் கிடக்குமாயின், பெரும்பாலும் வழுக்கும் தரையே அதற்குக் காரணமாகும். பெட்டியில் விரித்த செய்தித்தாளிற் கால் பற்றாது. இதற்குப் பரிகாரம் எளிது. மெல்லிய பிளாஸ்டர் நாடாவை மூட்டுக்குக் கீழே, கால்களுக்கிடையில் ஏறத்தாழ 1 அங்குலம் இடைவெளி இருக்குமாறு, விலங்குபோல் இடுதல் வேண்டும். இறுக்கினால் இரத்தவோட்டம் தடைப்படும். நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்து மீண்டும் கட்டிவரின், சில நாட்களிற் குஞ்சு நிமிர்ந்து நடக்கும். முதலிரு நாட்களிலேயே இதனைத் தொடங்குதல் வேண்டும். எலும்பு வலுத்தபின் பயன் அரிது.

இரண்டாவது, விரல்கள் உள்நோக்கிச் சுருளுதல். தாய்க்கோழியின் தீனியில் இரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்துக் குறைதல் இதற்கு ஒரு காரணம். விரல்களை நிமிர்த்தி, பாதவடிவில் வெட்டிய அட்டையில் ஒட்டிவைத்தல் உதவும். அத்துடன் அவ்வுயிர்ச்சத்தையும் கொடுத்தல் வேண்டும். தாய்க்கோழிக்குக் கீரையும் மதுவமும் சேர்த்தால், அடுத்த அடையிற் பொரிக்கும் குஞ்சுகளை இக்குறை அணுகாது.

மூன்றாவது கொடியது. மூட்டின் பின்புறத்துத் தசைநாண் இடம் பெயர்ந்து, மூட்டு வீங்கி, கால் திருகிவிடும். தீனியில் மங்கனீசு குறைவதால் இது நேரக்கூடுமென்பதைக் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் 1936ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். நாண் விலகியபின் மங்கனீசு கொடுத்தும் கால் நேராகாது. மிருக வைத்தியரிடம் காட்டி, தேறாதெனின் வேதனையை நீடிக்கவிடாதிருத்தலே கருணையாகும்.

சிகிச்சை பெறும் குஞ்சைத் தனியே வைத்தல் நன்று, ஏனையவை மிதித்துவிடும். உடலில் எஞ்சிய மஞ்சட்கரு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு அதற்கு உணவாகும். எனினும், தானாக நடந்து நீரை அடைய இயலாமையால், அலகை அடிக்கடி நீரில் தொட்டுவிடுதல் வேண்டும்.

குஞ்சுகள் பொரிக்குமுன்னரே பெட்டியிற் பழஞ்சாக்கினை விரித்துவைப்போர், பிளாஸ்டரைத் தேடவேண்டிய தேவை பெரிதும் குறையும்.