வீட்டிற்குள் ஒரு முருகைத் தோட்டம்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, பனிச்சங்கேணியில் களப்பின் மீதமைந்த பாலத்தைக் கடக்கின்றது. ஒருபால் கண்டல் மரங்கள் சூழ்ந்த களப்பு, மறுபால் வங்கக்கடல். இத்தகைய ஊரில் வாழும் ஒருவருக்குக் கடல்மீன்களையும் முருகை உயிர்களையும் வீட்டிலேயே வளர்த்துப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே. கடல் கைக்கெட்டும் தொலைவில் இருத்தலால் இஃது எளிய காரியம் என்றும் அவர் எண்ணக்கூடும். ஆயின் கடலில் ஒரு மீன் கழிக்கும் அழுக்கு அளவிறந்த நீரிற் கரைந்து மறைகின்றது; தொட்டியிலோ அது தங்கி நஞ்சாகின்றது. எனவே தொட்டியை வாங்குமுன் திட்டம் வகுத்தல் இன்றியமையாதது.

இக்கலையின் வரலாற்றில் ஆசியர் ஒருவருக்குச் சிறப்பான இடமுண்டு. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடல்நீரும், உயிர்கள் படிந்த முருகைக்கற்களும், மெல்லிய வளிக்குமிழ்களும் கொண்டே தொட்டியில் முருகை உயிர்களை வாழவைத்தார். தம் முறையை அவர் 1961இல் வெளியிட்டார். அந்தக் கற்களிற் குடியிருந்த கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களே தொட்டியின் நீரைத் தூய்மைப்படுத்தின. இன்றைய முருகைத் தொட்டிகளும் இவ்வுண்மையின் மீதே அமைந்துள்ளன.

முதலில் தீர்மானிக்க வேண்டியது தொட்டியின் அளவு. சிறு தொட்டி செலவு குறைந்தது. ஆனால் அதில் வெப்பமும் உப்பும் விரைந்து மாறுவதால், புதியவருக்கு அதுவே கடினமானது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 190 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் நிறை மட்டுமே 195 கிலோகிராம் வரை வரும். கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றையுஞ் சேர்த்தால் 250 கிலோகிராமைத் தாண்டும். ஆதலால் உறுதியான தாங்கியும் சமதளமான நிலமும் வேண்டும். யன்னல் வெயில் நேரே விழும் இடம் ஆகாது. அது நீரைச் சூடாக்கிப் பாசியையும் பெருக்கும்.

அடுத்தது நீர். பனிச்சங்கேணியில் வாழ்பவர் அருகிலிருக்கும் களப்பிலேயே நீரை மொள்ள நினைக்கலாம். அது தவறு. வாடைக்காற்றுக் காலத்து மாரிமழையில் களப்பு நீரின் உப்பு வெகுவாகக் குறைகின்றது. கோடையில் ஆவியாதலால் அது கூடவுங்கூடும். களப்பு மீன்கள் அம்மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். முருகை உயிர்கள் பொறுக்கமாட்டா. அவற்றுக்கு ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள நீர் எப்பொழுதும் வேண்டும். முகத்துவாரத்திற்கு அப்பால், கடல் தெளிந்திருக்கும் மாதங்களில் எடுத்த நீரே தகும். அதனையும் பித்தளைக் குடத்திலோ செப்புப் பாத்திரத்திலோ வைத்தலாகாது. செப்பு மிகச் சிறிதளவு கலந்தாலும் முருகைக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சாகும்.

கடையில் வாங்கும் உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யலாமா என்று சிலர் வினவுவர். இயலாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது கல்சிய உப்புக்கள் முன்னரே படிந்துவிடுகின்றன; கறியுப்பு விளைந்தபின் மகனீசியம் மிக்க கசப்பு நீர் வெளியேற்றப்படுகின்றது. முருகை தன் கற்கூட்டைக் கட்டுவதற்கு லீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவில் கல்சியமும், 1300 மில்லிகிராம் அளவில் மகனீசியமும் நீரில் இருத்தல் வேண்டும். கடல்நீர் கிடைக்காதோர் மீன்தொட்டிக்கென்றே ஆக்கப்பட்ட உப்புக் கலவையைப் பயன்படுத்தலாம்.

தொட்டியில் நாள்தோறும் ஆவியாவது நன்னீர். உப்பு உள்ளேயே நிற்கும். ஆதலின் குறைந்த அளவுக்கு உப்பற்ற தூய நீரையே ஊற்ற வேண்டும். கண்ணாடியின் மேல் ஒரு கோடு இட்டு வைத்தால், எவ்வளவு குறைந்தது என்பது சிறுவருக்கும் விளங்கும். கரையோரக் கிணறுகள் பல உவர்ப்புடையன; அவற்றின் நீர் இதற்கு உதவாது.

இனிப் பொறுமைக்குரிய பகுதி. மணலும் கல்லும் நீரும் இட்டு, நீரோட்டத்தை ஏற்படுத்தியபின், இறாலின் சிறு துண்டொன்றை இட்டு விடலாம். அது அழுகி அமோனியா உண்டாகும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை அதனை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இவை பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். சோதித்துப் பார்க்கையில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று ஆன பின்னரே மீன் விடுதல் வேண்டும். அதுவரை தொட்டி வெறுமையாகத் தோன்றினும், வேலை அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னர், கிழமைதோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றிவர வேண்டும்.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. முருகையின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்குகின்றன. வெப்பம் மிகும்போது முருகை அவற்றை இழந்து வெளிறுகின்றது. 1998இலும் 2016இலும் இலங்கைக் கரையின் முருகைப் பாறைகள் பல இவ்வாறு வெளிறின. தொட்டி நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று. 2022இல் இலங்கையில் ஒரே நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அத்தகைய வேளையில் நீரோட்டம் நின்று ஒட்சிசன் குறையும். மின்கலத்தில் இயங்கும் வளிக்கருவி ஒன்றேனும் கைவசம் இல்லாதவர் இம்முயற்சியைத் தொடங்காதிருப்பதே அவ்வுயிர்களுக்குச் செய்யும் நன்மை.

எல்லாவற்றிலும் முதன்மையான வினா, உயிர்களை எங்கிருந்து பெறுவது என்பது. லீ சின் எங் கடலிலிருந்து கற்களை எடுத்தார். இன்று இலங்கையில் உயிருள்ள முருகையைப் பெயர்த்தல் சட்டவிரோதமாகும். முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைகளில் எரித்த காலம் ஒன்றிருந்தது. அதனால் கரை அரிப்புற்றது. பனிச்சங்கேணிக்கு அண்மையிலுள்ள காயங்கேணிப் பாறைப்பகுதி 2019இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்பாறைகளில் மீன்கள் பெருகினாலன்றி வலை வீசுவோரின் பிழைப்பும் நிலைக்காது. அடியார் ஒருவர் கோயிற் சுவரின் கல்லைப் பெயர்த்து வீட்டிற் பூசையறை கட்டார். அதுபோலவே, பாறையை நேசிப்பவர் அதனை உடைத்துத் தொட்டியை அலங்கரித்தல் பொருந்தாது.

அதற்குத் தேவையும் இல்லை. நுண்துளையுள்ள உலர்ந்த செயற்கைக் கற்களிலும் பற்றீரியாக்கள் குடியேறும். காலம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவே. கோமாளி மீன்கள் இன்று வளர்ப்பகங்களிலேயே குஞ்சு பொரிக்கின்றன. தமிழ்நாட்டுப் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வாளர் அதனைச் செய்து காட்டினர். கடலனிமனி இன்றியும் அம்மீன் வாழும். மாறாக, வண்ணத்துப்பூச்சி மீன்களுட் பல உயிர்முருகையையே உண்பன. அழகை நம்பி அவற்றை வாங்குவோர், அவை பட்டினியால் மெலிவதையே காண்பர். சொல்லப்பட்ட அளவுள்ள தொட்டிக்கு ஐந்தாறு சிறு மீன்கள் போதும். அவற்றையும் ஒருமித்து விடாமல், ஒன்றிரண்டாக, சில கிழமை இடைவெளியில் விட வேண்டும். முருகை உயிர்களைப் பல திங்கள் கழிந்து நீர் நிலைபெற்ற பின்னர் நினைக்கலாம். அவையும் சட்டப்படி வளர்ப்பகத்திற் பெருக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும்.

இத்தனையும் செய்ய நேரமோ பொருளோ இல்லாதவர் வருந்த வேண்டுவதில்லை. கடல் தெளிந்த காலத்தில், பழக்கமுள்ள மீனவர் துணையுடன் கண்ணாடி முகமூடி அணிந்து பாறைமீது மிதந்து பார்த்தால், எந்தத் தொட்டியிலும் அடங்காத காட்சி அங்கே உண்டு. முருகையின் மேற் கால் ஊன்றாமலும் கை வைக்காமலும் பார்த்துத் திரும்புதல் ஒன்றே அங்கு வேண்டுவது.