றைன் நதிக்கரையில் ஒரு சிற்றரசு

ஐரோப்பாவின் படத்தை மேசைமீது விரித்து, சுவிற்சர்லாந்துக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே சுட்டுவிரலை வைத்தால், அவ்விரல்நுனி ஒரு நாட்டை முழுவதுமே மறைத்துவிடும். லிக்டன்ஸ்டைன் என்பது அதன் பெயர். பரப்பு 160 சதுர கிலோமீற்றர். குடிகள் ஏறக்குறைய 40,000 பேர். மேற்கெல்லையிலே றைன் நதி. கிழக்கிலே அல்ப்ஸ் மலைத்தொடர். அந்நாட்டுக்குக் கடலில்லை, விமான நிலையமில்லை, படையுமில்லை. அதனைச் சூழ்ந்துள்ள நாடுகளுக்கும் கடலின்மையால், அங்குள்ளவர் கடலைக் காண விரும்பினால் இரண்டு நாடுகளையேனும் கடந்து செல்லவேண்டும். உலகில் இந்நிலையிலுள்ள நாடுகள் இரண்டே, மற்றையது உஸ்பெகிஸ்தான்.

இத்துணைச் சிறிய நாட்டை எவ்வளவு நேரத்திற் பார்க்கலாம்? ஒரு மணி நேரம் போதும் என்று எண்ணுவோரே பலர். உல்லாசப் பயணிகளை ஏற்றிவரும் பஸ் வண்டிகள் தலைநகராகிய வாடூஸிலே நிற்கும். இறங்கியோர் குன்றின்மேலுள்ள கோட்டையைப் படம் பிடிப்பர், சிறு கட்டணம் செலுத்திக் கடவுச்சீட்டிலே ஒரு முத்திரை குத்துவித்துக்கொள்வர், வண்டி புறப்பட்டுவிடும். அம்முத்திரை வெறும் நினைவுக்குறியே. அதற்குச் சட்ட வலு யாதுமில்லை. வாசலிலே செருப்பைக் கழற்றாமலே கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புபவன் கோயிலைக் கண்டவன் ஆவானா? ஓரிரவாவது தங்குபவருக்கே இந்நாடு தன் முகத்தைக் காட்டும்.

செல்லும் வழி எளிது. சூரிச் நகரிலிருந்து புகையிரதத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் சர்கன்ஸ் நிலையத்தை அடையலாம். அங்கிருந்து வாடூஸுக்குப் பஸ் உண்டு. ஒஸ்திரியாவின் பெல்ட்கிர்க் நகரிலிருந்து வருவோருக்கும் பஸ் உண்டு. லிக்டன்ஸ்டைனுக்கெனத் தனி விசா இல்லை. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் அது ஷெங்கன் உடன்பாட்டிற் சேர்ந்தமையால், சுவிற்சர்லாந்துக்குச் செல்லப் பெற்ற ஷெங்கன் விசாவே போதும். சுவிற்சர்லாந்திற் குடியேறிய உறவினரைப் பார்க்கச் செல்லும் இலங்கையர் இன்று பலராவர். அவர்களுக்கு இஃது ஒரு பகற்பொழுதுத் தூரமே. நாணயமும் சுவிஸ் பிராங்குதான்; 1920களில் வந்த வழக்கம் அது. விலைவாசியும் அந்நாட்டைப் போலவே கையைக் கடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிற் பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்குமாதலால், வேண்டியவற்றை முதல் நாளே வாங்கிவைத்தல் நன்று.

ஆனால், இந்நாட்டினுட் புகுவதற்கு மிகச் சிறந்த வழி பஸ்ஸன்று, கால்நடையே. சுவிற்சர்லாந்தின் செவலன் என்னும் ஊரிலிருந்து வாடூஸுக்கு றைன் நதியின் மேலாக ஒரு பழைய மரப்பாலம் செல்கிறது. 1901 இல் அமைக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் 135 மீற்றர். வீட்டுக்குப் போல அதற்குக் கூரையும் பக்கச் சுவர்களும் உண்டு. நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்குமே இடம். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. உள்ளே மங்கலான ஒளி, பலகைகளின்மேற் காலடியோசை, கீழே ஆற்றின் இரைச்சல். நடுவிடத்திலே இரு நாடுகளின் எல்லை. அங்கே காவலனுமில்லை, கதவுமில்லை. ஒரு காலை ஒரு நாட்டிலும் மறுகாலை இன்னொரு நாட்டிலும் வைத்துக்கொண்டு எத்துணை நேரமும் நிற்கலாம்.

பாலத்தைக் கடந்து திராட்சைத் தோட்டங்களின் பக்கமாய் வந்தால், மலைச்சரிவிலே வாடூஸ் கோட்டை தெரியும். நாட்டின் வரலாறு அக்கோட்டையோடு பிணைந்தது, சற்று விசித்திரமானதுங்கூட. லிக்டன்ஸ்டைன் என்பது முதலில் நாட்டின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர். வியன்னாவில் வாழ்ந்த அச்செல்வக் குடும்பத்தார், பேரரசின் மன்றத்திலே இடம் பெறும் உரிமைக்காக 1699 இல் ஷெல்லன்பெர்க் என்னும் நிலத்தையும் 1712 இல் வாடூஸையும் விலைக்கு வாங்கினர். 1719 இல் ஆறாம் சார்ள்ஸ் பேரரசர் அவ்விரண்டையும் ஒன்றாக்கிச் சிற்றரசு ஆக்கினார். வாங்கியவர்களோ, வாங்கிய இடத்திற் குடியிருக்கவில்லை. 1938 இலேதான் இரண்டாம் பிரான்ஸ் யோசெப் தம் நிலையான இருப்பிடத்தை வாடூஸுக்கு மாற்றினார். ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகள் ஒரு நாடு தன் அரசனுக்காகக் காத்திருந்தது போலும்!

கோட்டையினுள்ளே இன்றும் அரச குடும்பத்தார் வசிப்பதாற் பிறர் உட்செல்ல இயலாது. எனினும் ஆகஸ்ற் 15 ஆம் நாள், நாட்டின் தேசிய தினத்தில், கோட்டையை ஒட்டிய புல்வெளியிற் பொதுமக்கள் கூடுவர். அவ்வேளை பாடப்படும் நாட்டுப்பாடலின் மெட்டு, ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் பாடலின் மெட்டேயாகும். பழைய இலங்கையிற் பள்ளிக்கூடம் சென்ற முதியவர் எவரேனும் அங்கிருப்பின், தம்மையறியாமலே நிமிர்ந்து நிற்பர்.

மன்னர் அங்கு வெறும் பொம்மையல்லர். 2003 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அரசரின் அதிகாரம் மிகுந்தது; 2012 இல் அவருடைய தடுப்புரிமையைக் குறைக்கக் கொணர்ந்த யோசனையை மக்களே பெருவாரியாகத் தோற்கடித்தனர். இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் தகாது. 1971 இலும் 1973 இலும் பெண்களுக்கு வாக்குரிமை மறுத்த அந்நாட்டு ஆண்கள், 1984 இலேதான், அதுவும் மிகச் சிறிய பெரும்பான்மையால், அதனை வழங்கினர். 1931 இலேயே பெண்கள் வாக்களித்த இலங்கையிலிருந்து செல்பவருக்கு இச்செய்தி வியப்பளிக்கும். அழகிய மலைகளும் துப்புரவான வீதிகளும் ஒரு நாட்டின் நீதிக்குச் சான்றாகா.

வாடூஸிலே தபால் முத்திரை நூதனசாலையொன்று உண்டு. 1912 இல் தன் முதல் முத்திரைகளை வெளியிட்ட இந்நாடு, வறுமையுற்றிருந்த காலத்தில் அவற்றை உலகெங்குமுள்ள சேகரிப்போருக்கு விற்றுப் பொருளீட்டியது. இன்றைய செல்வத்துக்குக் காரணம் ஆலைகளும் வங்கிகளும். வங்கிகளின் இரகசியம் பிறநாட்டு வரி ஏய்ப்போருக்குப் புகலிடமானமை 2008 இற் பெருஞ் சர்ச்சையாகி, பின்னர் விதிகள் இறுக்கப்பட்டன.

மலைக்கு மேலே போகும் பஸ்ஸிற் சென்றால் திரீசன்பெர்க் என்னும் ஊர் வரும். நடுக்காலத்திலே சுவிற்சர்லாந்தின் வலே மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய வால்சர் மக்களின் வழித்தோன்றல்கள், தமக்குரிய ஜேர்மன் பேச்சுவழக்கை இன்றும் அங்கே பேணி வருகின்றனர். அதற்கும் அப்பால் 1,600 மீற்றர் உயரத்தில் மால்புன். மாரியிற் பனிச்சறுக்கல், கோடையில் நடைபாதைகள். பாதையில் எதிர்ப்படும் அந்நியர்கூட "ஹோய்" என்று வாழ்த்துவர். அவ்வாறே திருப்பிச் சொன்னாற் போதும். உணவுக்குக் கேஸ்நுப்ஃலே என்பதைக் கேட்கலாம். பாற்கட்டி சேர்ந்த சிறு மா உருண்டைகள். அரைத்த அப்பிளுடன் உண்பர். மாவில் முட்டை கலப்பதுண்டாகையாற் சைவ உணவினர் முன்னரே விசாரித்தல் நன்று.

இவையெல்லாவற்றையும் கண்டபின்பு, நாட்டின் வடகோடியிலுள்ள ஷெல்லன்பெர்க்குக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். பயணிகளின் வண்டிகள் அங்கே செல்வது அரிது.

செலவு மிகுதியென்று 1868 இலேயே படையைக் கலைத்துவிட்ட நாடு இது. 1945 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், உலகப் போர் முடியுந் தறுவாயில், ஓரிரவிலே ஏறக்குறைய 500 உருசியர் ஆயுதங்களோடு ஒஸ்திரியாவிலிருந்து இவ்வெல்லையைத் தாண்டி வந்தனர். ஹிற்லரின் பக்கம் நின்று தம் நாட்டு அரசுக்கு எதிராய்ப் போரிட்டவர்கள் அவர்கள். குற்றமற்றவரென்று எவரும் சொல்லார். அவர்களுடன் பெண்களும் சிறுவரும் இருந்தனர். திரும்பிச் சென்றால் மரணமோ சிறைமுகாமோ காத்திருக்கும். சோவியத் அதிகாரிகள் வாடூஸுக்கே வந்து அவர்களைக் கேட்டனர். சில வாரங்களின் முன்புதான் ஒஸ்திரியாவின் லியென்ஸ் நகரருகே, வலிமைமிக்க பிரித்தானியப் படையினர் பல்லாயிரம் கொசாக்கியரைப் பலவந்தமாகச் சோவியத்திடம் ஒப்படைத்திருந்தனர். ஏறத்தாழ 12,000 குடிகளும் சில பொலிஸாருமே கொண்ட லிக்டன்ஸ்டைனோ, விரும்புவோர் செல்லலாம், விரும்பாதவரை அனுப்ப முடியாது என்று கூறிவிட்டது. ஏறக்குறைய 200 பேர் தாமாகத் திரும்பினர். எஞ்சியோரைச் சிறிய அந்நாடு தன் செலவில் உணவளித்துக் காத்தது. அவர்களிற் பெரும்பாலோர் 1947 இல் ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்றனர்.

இதே நாடு போர்க்காலத்தில் யூத அகதிகளிற் சிலருக்கு இடமளித்து, வேறு சிலரை எல்லையிலே திருப்பியும் அனுப்பியது. அரசே நியமித்த வரலாற்றறிஞர் குழு 2005 இல் அதனை ஒளிக்காமல் வெளியிட்டது. இரண்டையும் அறிந்தே ஷெல்லன்பெர்க்குக்குச் செல்லவேண்டும்.

ஊரின் மேற்பகுதியில், உருசியர் வந்த இடத்தருகே, ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஒஸ்திரியாவின் எல்லை அங்கிருந்து நடைதூரந்தான். மாலையிற் பஸ்கள் குறைவாதலால், திரும்பும் வண்டியின் நேரத்தை முன்பே குறித்துக்கொண்டு போகவேண்டும்.