வாசகசாலையில் இரண்டு மேசைகள்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முதியோரும் இளையோரும் என்ற பொருளில் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டபோது, இந்தப் பொருளைப் பற்றி மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படுகிற யாவும், அதாவது கூட்டுக் குடும்பம் சிதைந்தது, திண்ணை போயிற்று, பாட்டி கதை சொல்வது நின்றது என்கிற புலம்பல்கள் யாவும், உங்களுக்கு முன்னரே மனப்பாடமாகியிருக்கும் என்று உத்தேசித்து, அவற்றை அடியோடு விலக்கிவிடத் தீர்மானித்துக்கொண்டே வந்திருக்கிறேன். திண்ணையை நினைத்து உருகுகிறவர்கள், அந்தத் திண்ணையில் எந்த ஜாதியார் ஏறி உட்காரலாம், எந்த ஜாதியார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்றொரு நியதி இருந்ததையும், வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றே சம்பாஷணையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். போனது போகட்டும்.

இந்த நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் கதவு திறந்ததும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் வந்து பத்திரிகை மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். சிறிது நேரத்தில், தண்ணீர் பாட்டிலும் வினாவிடைப் புத்தகங்களுமாக, குரூப் நான்குக்கும் குரூப் இரண்டுக்கும் படிக்கும் பிள்ளைகள் வந்து ஜன்னலோரத்து மேசையைப் பிடிக்கிறார்கள். நம் வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் நூலக வரியில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் நடக்கிற இந்தக் கூடத்தில், அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் இடையே உள்ள தூரம் பத்தடிகூட இராது. ஆனால் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பக்கம் தலையங்கம் படித்துக்கொண்டிருக்க, பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பக்கம் ஒரு பிள்ளை புத்தகத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே மின்விசிறியின் கீழே அமர்ந்தும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ‘நிசப்தம்’ என்று சுவரில் எழுதி வைத்ததை இவ்வளவு பக்தி சிரத்தையோடு அனுஷ்டிக்கும் ஊர் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகம்.

நம் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர். 2031இல் அது பதினெட்டை எட்டும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் ஒன்றே இதில் நமக்கு முன்னே போகிறது.

முதியோர் இப்படிப் பெருகிவர, இரண்டு தலைமுறைக்கும் நடுவே உள்ள இந்த விலகலுக்கு நாம் செய்துவரும் பரிகாரம் என்ன? ஐக்கிய நாடுகள் சபை முதியோருக்கென்று குறித்த அக்டோபர் முதல் தேதியில், பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாகனத்தில் ஏற்றி முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போய், ஒரு பாட்டுப் பாடச் செய்து, பழமும் ரொட்டியும் கையில் கொடுக்கச் செய்து, பொன்னாடை போர்த்தி, புகைப்படம் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் மறுவாரமும் வரும் என்று நினைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிற கிழவியைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. ஒரே ஒரு நாள் போவதானால் போகாமலே இருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். இரண்டு தலைமுறையைச் சேர்த்து வைப்பது அன்பு மட்டும் செய்யக்கூடிய காரியமன்று. அவர்களுக்கு நடுவே ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலை வாரந்தோறும் தவறாமல் வர வேண்டும்.

இதை நன்றாக உணர்ந்து செய்தவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தார். முதுமை மருத்துவத்தில் வல்லவரான லிண்டா ஃபிரைட் என்னும் அம்மையார், வயோதிகர்களிடம் உடம்புக்கு நல்லது, நடங்கள், தேகப்பயிற்சி செய்யுங்கள் என்று எவ்வளவு சொன்னாலும் சில நாளில் விட்டுவிடுகிறார்கள் என்பதையும், தம்மால் பிறருக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்று தெரிந்தால் அவர்களே தினமும் கிளம்பிவிடுகிறார்கள் என்பதையும் கண்டு, மார்க் ஃபிரீட்மன் என்பவரோடு சேர்ந்து 1990களில் ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ என்ற திட்டத்தை வகுத்தார். அறுபது வயது கடந்தவர்கள், ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் ஆரம்பப் பள்ளிகளுக்குப் போய், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்; பள்ளியாண்டு முழுவதும்; போவதற்கு முன் முறையான பயிற்சி; கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை; ஒரு பள்ளிக்கு ஒருவர் இருவராக அல்லாமல் ஒரு கூட்டமாகவே அனுப்புவது. இந்த ஏற்பாடுகளில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தனியாகப் போகிறவர் சோர்ந்துவிடுவார். கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் வராத நாளில் ஏன் வரவில்லை என்று விசாரிக்க நாலு பேர் இருப்பார்கள். பிற்பாடு எழுநூறு பேரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்துப் பார்த்தபோது, அவர்களில் மூளைப் படம் எடுக்கப்பட்ட சிறு தொகுதியினரிடம் ஓர் அதிசயம் தென்பட்டது: ஞாபகசக்திக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி வயதானால் சுருங்குவதுதான் இயற்கை, பள்ளிக்குப் போகாத ஆண்களுக்கு அவ்வாறே சுருங்கியிருக்க, இரண்டாண்டு பள்ளிக்குப் போய்வந்த ஆண்களுக்கு அது சற்றே பருத்திருந்தது. பிள்ளைகளுக்கு உபகாரம் செய்யப் போனவர்கள் வைத்தியமும் பெற்றுத் திரும்பினார்கள்.

நெதர்லாந்தில் டெவெண்டர் என்ற ஊரில், ஹ்யூமானிடாஸ் என்னும் முதியோர் இல்லத்தார் 2012 முதல் செய்துவருவது வேறு மாதிரி. கல்லூரி மாணவர் சிலருக்கு இல்லத்திலேயே வாடகையில்லாமல் அறை கொடுத்து, மாதம் முப்பது மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை விதித்தார்கள். பணிவிடை செய்யச் சொல்லவில்லை. சேர்ந்து சாப்பிட வேண்டும், கணினி சொல்லிக்கொடுக்க வேண்டும், இரவு தாமதமாக வந்தால் அந்த வம்பைக் காலையில் தாத்தாக்களிடம் சொல்ல வேண்டும்!

தூர தேசத்துக் கதை எதற்கு என்று கேட்பீர்களானால், புதுக்கோட்டை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் அந்த மாவட்டத்தையே ஒரு பள்ளிக்கூடமாக்கியது. சம்பளமில்லாத தொண்டர்களாகக் கிராமத்துப் பிள்ளைகள் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க, கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும், தம் மகள் வயதுடையவளை வாத்தியாரம்மாவாக ஏற்றுத் தங்கள் பெயரை எழுதக் கற்றார்கள். அதோடு நில்லாமல் சைக்கிளும் ஓட்டினார்கள். பெரியவர் கற்பிக்க, சிறியவர் கற்பதே முறை என்ற எண்ணத்தை அந்த ஆண்டுகள் தலைகீழாக்கிக் காட்டின. ஒருவர் மட்டும் கொடுக்க, மற்றவர் மட்டும் வாங்கும் இடத்தில் சிநேகம் உண்டாவதில்லை. பரஸ்பரம் கடன்பட்டால்தான் உறவு.

ஆகவே என் யோசனை இது. சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து வரை இந்த இரண்டு மேசைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் போடுவோம். முதல் மணி நேரம் பெரியவர்களுடையது: பட்டா, பத்திரம், பஞ்சாயத்து, கருவூலம், நீதிமன்றம் என்று எந்த இலாகாவில் யார் உழைத்தாரோ, அந்த இலாகா எப்படி நடக்கிறது என்பதைப் புத்தகத்தில் இல்லாதபடி சொல்லட்டும், பரீட்சைக்குக் கேள்வி கேட்டுப் பழக்கட்டும். இரண்டாவது மணி நேரம் பிள்ளைகளுடையது: ஆண்டுதோறும் பென்ஷன் நேர்காணலுக்காக அலுவலகப் படியேறுகிறவர்களுக்கு, செல்போனில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று கொடுக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது என்பதையும் அதைச் செய்யும் விதத்தையும் காட்டட்டும்; ஓடிபி கேட்டு வரும் மோசடி அழைப்பை அடையாளம் காணப் பழக்கட்டும்; ஜிபேயில் பணம் போன திசை தெரியாமல் தவிக்கிறவருக்குக் கணக்கைத் திறந்து காட்டட்டும்.

மூன்று மணி என்று நான் குறித்தது காரணமில்லாமல் அல்ல. இந்தப் பத்திரிகை மேசையில் வயதான பெண்களை நான் கண்டதில்லை. காலையில் அவர்களுக்குச் சமையல், மாலையில் பேரப் பிள்ளைகளைக் கவனிக்கும் நேரம். நடுவே கிடைக்கிற இந்த இரண்டு மணி நேரத்தையும் நாம் தவறவிட்டால், திண்ணையின் பழைய குற்றத்தையே திரும்பச் செய்தவர்களாவோம். சத்துணவுக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும், கிராம செவிலியராக இருந்தவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டியது வாசகர் வட்டத்தின் பொறுப்பு.

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம்: கேட்காத புத்திமதியை முதல் மூன்று மாதம் சொல்லாதீர்கள். எங்கள் காலத்தில் என்று தொடங்கும் வாக்கியம் பிள்ளைகளை வாசல் வரை துரத்திவிடும். இளைஞர்களிடமும் ஒன்று: செல்போனைப் பெரியவர் கையிலிருந்து பிடுங்கி நீங்களே அழுத்திக் கொடுத்துவிட்டால் அவர் ஒன்றும் கற்கமாட்டார், அவர் விரலே அழுத்தட்டும், பொறுமையாக இருங்கள். பரீட்சைக்கு நேரம் போகிறதே என்று அஞ்ச வேண்டாம். வினாவிடைப் புத்தகத்தில் ஒரு நாள் முழுதும் தேடுவதைத் தாசில்தார் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

நூலகர் அவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். வாசலில், கையெழுத்துப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இடப்பக்கத் தாளில் தங்களுக்குத் தெரிந்தது ஒன்றையும், வலப்பக்கத் தாளில் கற்றுக்கொள்ள விரும்புவது ஒன்றையும், பெயரோடும் வயதோடும் எழுதிவிட்டுப் போகுமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு மேசைகளை நகர்த்த நாலு பேர் வேண்டும். பின்வரிசைப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.