உயிரணுவின் உள்ளே ஒரு பயணம்



வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அறிவியல் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு எம்மைப் பணித்தீர்கள். நம் உயிரணுக்களில் புரதங்கள் எவ்வாறு உருவாகிப் பக்குவமடைந்து உரிய இடம் சேர்கின்றன என்பதையும், அவ்வாராய்ச்சிக்கு அடிகோலிய ஒருவருக்குக் கல்விக் கதவு எவ்வாறு திறந்தது என்பதையும் காண்போம்.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். கணையத்தின் உயிரணுவில் ரைபோசோம் என்னும் நுண்துகள், அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து 110 மணிகள் கொண்ட சரமாக்குகிறது. முதல் 24 மணிகள் முகவரிச் சீட்டுப் போன்றவை. அச்சீட்டின் துணைகொண்டே சரம் எண்டோபிளாச வலைக்குள் நுழைகிறது. நுழைந்ததும் சீட்டு வெட்டப்படுகிறது. எஞ்சிய 86 மணிகளும் மடிந்து வடிவம் பெறுகின்றன. செவ்வனே மடியாத புரதம் அங்கேயே நிறுத்தப்பட்டுப் பின்னர்ச் சிதைக்கப்படும். மடிந்த புரதம் நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைகிறது. அங்கே வகை பிரித்துப் பொதியப்பட்டபின் அதன் நடுப்பகுதி வெட்டி நீக்கப்படுகிறது. 21 மணிகளும் 30 மணிகளும் கொண்ட இரு சரங்கள் பிணைந்த இன்சுலின் கிடைக்கிறது. குருதியில் சர்க்கரை கூடும்போது அப்பைகள் உயிரணுவின் புறச்சவ்வோடு இணைந்து திறந்து, இன்சுலினை வெளிவிடுகின்றன.

கண்ணுக்குப் புலனாகாத இப்பயணத்தை அறிந்தது எங்ஙனம்? 1960களில் ஜார்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும், செரிமானப் புரதங்களைச் சுரக்கும் கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க லியூசினை மூன்றே நிமிடம் ஊட்டினர். பின்னர் அதன் சுவட்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் தொடர்ந்தனர். முதலில் அது வலையில் இருந்தது. சிறிது நேரத்தில் கோல்கையை அடைந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சுரப்புத் துகள்களில் நிறைந்தது. முகவரிச் சீட்டின் உண்மையை நிலைநாட்டிய குன்ட்டர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

இவர்களுக்கெல்லாம் வழி அமைத்தவர் ஆல்பர்ட் கிளாட். பெல்ஜியத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரே அறை கொண்ட பள்ளியில் பயின்றவர். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முறிந்தது. எஃகு ஆலையில் வேலை செய்தார். மருத்துவம் பயில வேண்டிய சான்றிதழ் அவரிடம் இல்லை. எனினும் முதல் உலகப் போரில் பணியாற்றியோருக்கு அரசு அளித்த சலுகையால் 1922இல் லியேஜ் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார், 1928இல் மருத்துவரானார். பின்னர் நியூயார்க்கில் உயிரணுக்களை உடைத்து, விரைந்து சுழலும் பொறியால் அவற்றின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். 1974ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பலாடே, கிறிஸ்டியன் டி டுவே ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

சான்றிதழ் இல்லையென்று அவரை வாயிலிலேயே நிறுத்தியிருந்தால் இழப்பு அவருக்கு மட்டுமா? அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதும் பரோடா அரசின் உதவித்தொகை கதவைத் திறந்ததால் அன்றோ? நம் முன்னோருக்கு இல்லாதிருந்தது அறிவன்று, திறந்த கதவே.

ஆகவே பெரியோர்களே, இடையில் படிப்பை நிறுத்திய பிள்ளையை மீண்டும் அழைத்து வருவதையே இனி நம் முதற்பணியாகக் கொள்வோம். விழாவின் நினைவாக நம் பிள்ளைகள் படிக்கும் இடத்திற்கு ஒரு நுண்ணோக்கி வாங்குவோம். மாணவச் செல்வங்களே, அறிவியல் உங்களுக்கு வாராது என்று எவர் கூறினும் நம்பாதீர்கள். வெங்காயத் தோலை அதனடியில் வைத்து நீங்களே நோக்குங்கள். உயிரணு உங்களுக்கும் தெரியும்.