உப்புக் கிணறும் ஜிப்சமும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சென்னையில் அடையாற்றுக்கு அருகிலுள்ள சைதாப்பேட்டையில் 1868-ம் வருஷத்தில் விவசாயப் பாடசாலையொன்று ஏற்பட்டது. 1906-ல் அது கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971-ல் விவசாய சர்வகலாசாலையாயிற்று. பாடசாலை இருந்த பக்கமெல்லாம் இன்று வீடுகளே நிறைந்திருக்கின்றன. எனினும், அடையாற்றுக்குத் தெற்கே திருவான்மியூர் முதல் கோவளம் வரையுள்ள கடலோரத்தில், கிணறு உப்பாகிவிடுமோ என்ற கவலை வீட்டுக்காரருக்கும் குடியானவருக்கும் பொதுவானது.

கடலோர மணலில் நல்ல ஜலம் உப்பு ஜலத்தின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல ஜலம் கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பு ஜலம் ஏறாமல் தடுக்கும் என்பது சாஸ்திரக் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து அந்த ஓரடியை இழந்தால், உப்பு மேலேறிவிடும்.

அத்தகைய ஜலம் பாய்ந்த பூமிக்கு நேரும் வியாதிகள் இரண்டு. கோடையில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால் அது உவர். ஜலம் இறங்காமல் கலங்கி நின்று, காய்ந்தபின் மண் கல்லைப்போல் இறுகினால் அது களர். ஜிப்சம் களருக்கே மருந்து. களர் மண்ணில் ஒட்டியுள்ள சோடியத்தை ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து பெயர்த்துவிடும். பெயர்ந்த சோடியம் வடிகால் வழியே வெளியேறாவிடில் செலவெல்லாம் வீண். வெறும் உவருக்கு வரப்பை உயர்த்தி, மழை ஜலத்தைத் தேக்கி, பலமுறை வடித்தால் போதும். அங்கே ஜிப்சம் போடுவது கடன் வாங்கி மண்ணில் கொட்டுவதேயாகும். இரண்டு வியாதியும் சேர்ந்திருந்தால் முதலில் ஜிப்சம், பிறகு வடித்தல்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல் ஜலம் புகுந்தது. மழை ஜலத்தால் உப்பை வடித்தும், ஜிப்சமிட்டும், தக்கைப்பூண்டை மடக்கி உழுதும் அவ்வயல்கள் சீர்திருத்தப்பட்டன.

ஆகவே, ஜிப்சத்துக்குக் கடன் மனுப் போடுமுன் மண்ணையும் ஜலத்தையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து, அதில் ஒரு பகுதியை அனுப்பினால் போதும். பம்பைச் சிறிது நேரம் ஓட்டிய பின்பே ஜலம் பிடியுங்கள். ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் தேவை என்பதைப் பரிசோதனையே தெரிவிக்கும். அடுத்த வயல்காரர் போட்ட அளவு உங்கள் வயலுக்குப் பொருந்தாது.

ஜிப்சத்தைப் பொடியாகத் தூவி, மேல்மண்ணில் கலந்து உழுது, ஜலம் தேக்கி வடிக்கவேண்டும். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் மடக்கி உழுதால் மண் இளகும்.

வடிகால் ஒருவர் வயலோடு நிற்பதன்று. மேல் வயல்காரர் வடித்த உப்பு கீழ் வயல்காரர் பூமியில் தங்கினால், இருவருக்கும் சண்டையே மிஞ்சும். ஆதலால் சங்கத்தார் ஒன்றுகூடி முதலில் பொது வடிகாலை வெட்டுங்கள். ஜிப்சம் வாங்கும் யோசனை அதன் பிறகு வரட்டும்.