மூன்று பின் பிளக்கும் சர்வதேச நியமமும்
நாவுலயில் நிகழ்த்தப்பட்ட நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு

வயரிங் வேலை முடிந்ததும் ஏர்த்தைச் சோதிக்காமல் மெயின் சுவிட்சைப் போடாத ஒருவரின் பெயரால் கூடியிருக்கிறோம். அவருக்குச் செய்யும் மரியாதையாக நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் துறை நண்பர்களோடு எனக்குள்ள பழைய வழக்கு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மின்சாதன நியமம் என்பது விஞ்ஞான முடிவு, ஜெனீவாவில் நிபுணர்கள் ஆராய்ந்து எழுதுகிறார்கள், சிறிய நாடு அதை எடுத்து முன்னட்டையை மாற்றினால் போதும் என்பது அவர்கள் கட்சி. நியமம் ஓர் உடன்படிக்கை, பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களின் வீடுகளையும் தொழிற்சாலைகளையும் மனதில் வைத்தே அது எழுதப்படுகிறது என்பது என் கட்சி. விஞ்ஞானம் அதில் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. விஞ்ஞானம் ஆகாத வழிகளை அடைக்கும், மீதி வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்வது மனிதர்களே.

சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு, அதாவது ஐ.ஈ.சி., 1906இல் லண்டனில் தொடங்கியது. முதல் தலைவர் கெல்வின் பிரபு. 1948இல் ஜெனீவாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஒரு நியமம் பிறக்கும் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரு நாடு முன்மொழிகிறது. போதிய நாடுகள் ஆதரித்து நிபுணர்களையும் தந்தால் வேலை தொடங்கும். குழு வரைவு சுற்றுக்கு வரும். நாடுகள் கருத்து எழுதும். பிறகு வாக்கெடுப்புக்கான வரைவு, அதற்குப் பன்னிரண்டு வாரம். இறுதி வரைவுக்கு ஆறு வாரம். பங்குபற்றும் உறுப்பு நாடுகளின் வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மொத்த வாக்கில் எதிர்ப்பு காற்பங்கைத் தாண்டக் கூடாது. காரணம் சொல்லாத எதிர்ப்பு வாக்கை எண்ணமாட்டார்கள். இறுதி வரைவு வந்த பிறகு ஆம், இல்லை என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் அனுபவத்தைச் சேர்க்க வேண்டுமானால் அதற்கு முன்பே, முக்கியமாகக் குழு வரைவில், சேர்க்க வேண்டும். என் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இனி பிளக்குக்கு வருகிறேன். 2016 ஆகஸ்டில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பிரித்தானியாவின் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கையே நாட்டின் ஒரே வகையாக அறிவித்தது. பழைய 5, 15 அம்பியர் வட்டப் பின் வகைகள் படிப்படியாக விலகி, 2038க்குள் வீடுகளிலிருந்தும் மறைய வேண்டும். 13 அம்பியர் வகைக்கான இலங்கை நியமம் 734. அப்போது நண்பர்கள் கேட்டார்கள்: உலகத்துக்கென்றே ஐ.ஈ.சி. ஒரு பிளக்கை வகுத்திருக்க, பிரித்தானியாவின் பிளக் எதற்கு?

உண்டுதான். 1986இல் 906 என்ற எண்ணோடு வெளிவந்தது, இன்று 60906. ஆனால் எத்தனை நாடுகள் எடுத்தன? தென்னாபிரிக்கா எடுத்தது. பிரேசில் எடுத்தது, அதுவும் தன் வசதிக்கு மாற்றி. ஐரோப்பா 1990களில் முயன்று பார்த்துக் கைவிட்டது. விஞ்ஞானத்தில் அதற்குக் குறையில்லை. சுவர்களில் ஏற்கெனவே பதிந்துவிட்ட கோடிக்கணக்கான சொக்கட்டுகளின் முன் அது நிற்கவில்லை.

பிரித்தானியப் பிளக்கும் ஆய்வுகூடத்தில் தானாக முளைத்ததல்ல. போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்காக ஒரு குழு 1944இல் அறிக்கை தந்தது. மின்சாரப் பெண்கள் சங்கத்தின் பணிப்பாளர் கரோலின் ஹஸ்லெட் அக்குழுவில் இருந்தார். குழந்தை எதையாவது செருகினாலும் மின்சாரம் எட்டாதபடி துளைகளுக்கு மூடி வேண்டும் என்பது அங்கே ஏற்கப்பட்டது. ஏர்த் பின் மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளம். அது முதலில் நுழைந்து மூடியைத் தள்ளும், பிறகே மற்றவை நுழையும். செம்பைச் சிக்கனப்படுத்த வளையச் சுற்று வந்தது. ஒரே சுற்று 30 அம்பியர் சுமப்பதால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனி பியூஸ் வந்தது. 1947இல் நியமமானது. வீட்டைக் கவனிப்பவர்களுக்காகப் பேச ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். நான் சொல்லும் உடன்படிக்கை என்பது இதுதான்.

இப்போது நாவுலச் சந்தியில் ஒரு கடையில் கைபேசிச் சார்ஜர் வாங்குங்கள். பெரும்பாலும் ஐரோப்பிய இரண்டு பின். வீட்டில் இருப்பது 13 அம்பியர் சொக்கட். என்ன செய்கிறோம்? பேனாவின் பின்முனையை மேல் துளையில் குத்துகிறோம். மூடி விலகுகிறது. சார்ஜரை அழுத்துகிறோம். பேனாவை உருவிக்கொள்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரியக் கூடாதவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அந்தக் கணத்தில் நடப்பதைப் பாருங்கள். சொக்கட்டின் இரு துளைகளுக்கிடையே ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் இடைவெளி. சார்ஜரின் பின்கள் 19க்கும் குறைவு. வளைந்துதான் நுழையும்; தட்டைப் பின்னுக்கான பித்தளைத் தொடுப்பை 4 மில்லிமீற்றர் உருண்டைப் பின் சாய்வாய்த் தள்ளி விரிக்கும். பல மாதம் கழித்து அதே சொக்கட்டில் இஸ்திரிப்பெட்டியைச் செருகினால், தளர்ந்த தொடுப்பு சூடாகி முகப்பு பழுப்பேறும். அடுத்தது பியூஸ். இரண்டு பின் பிளக் 2.5 அம்பியருக்கானது, உள்ளே பியூஸ் கிடையாது. ஐரோப்பிய வீட்டில் அதன் பின்னால் வழக்கமாக 16 அம்பியர் சுற்று. நம் வளையச் சுற்றில் 30, 32. மெல்லிய வயரைக் காக்க 1947இல் வைத்த காவலைப் பேனா முனையால் தாண்டிவிட்டோம்.

சார்ஜர் அதன் நியமத்தில் தேறியிருக்கலாம். சொக்கட் அதன் நியமத்தில் தேறியிருக்கும். இரண்டும் சரி, சேர்ந்த இடம் தவறு. ஐ.ஈ.சி.யில் பிளக்கும் சொக்கட்டும் 23ஆம் தொழினுட்பக் குழுவிடம், சார்ஜர் 108ஆம் குழுவிடம், வீட்டு வயரிங் 64ஆம் குழுவிடம். மூன்றும் சந்திக்கும் இடம் நம் வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் நடப்பதை அந்தக் குழுக்களிடம் சோதனை அளவுகளோடு கொண்டுபோக வேண்டியவர்கள் நாம். 2016 முடிவு சரியானது என்பதே என் நிலைப்பாடு. ஆனால் சொக்கட்டைத் தெரிவு செய்ததோடு வேலை முடிந்தது என்ற நண்பர்களின் நிம்மதியை நான் ஏற்கவில்லை.

நியமம் உடன்படிக்கைதானா என்று இன்னும் ஐயம் இருந்தால் இன்னொன்று. தொடரும் மின்னோட்டத்தில் முனையங்கள் எவ்வளவு சூடாகலாம் என்பதற்குப் பிளக், சொக்கட் நியமமான ஐ.ஈ.சி. 60884 தரும் எல்லை 45 பாகை உயர்வு. பிரித்தானிய நியமம் தருவது 52. சோதனை முறைகள் வேறு என்பீர்கள், சரி. அந்த முறைகளை வேறாக்கியவர்களும் குழுக்கள்தானே?

வோல்ற்றளவும் அப்படியே. ஐரோப்பாவில் 220, பிரித்தானியாவில் 240, 1983இல் ஐ.ஈ.சி. 230 என்று நடுவில் வந்து நின்றது. விரிவாகச் சொல்ல நேரமில்லை.

மொறகஹகந்த, போவத்தென்ன நீர்மின் நிலையங்கள் பக்கத்தில் இருப்பதால் மின்மாற்றிகளுக்கான 60076 பற்றியும் பேச நினைத்தேன். பெருங்கொள்வனவுகளில் நம் பொறியியலாளர்கள் நியமத்தை வரிவரியாகப் படிக்கிறார்கள். வீட்டுப் பொருளுக்கு அந்தக் கவனம் இல்லை என்பதோடு நிறுத்துகிறேன்.

செய்ய வேண்டியவை சில, வேகமாக. பல்கலைக்கழக மாணவர் யாராவது பேனா முனையால் பல நூறு தடவை திறந்த சொக்கட்டில் வெப்பநிலை உயர்வை அளந்து பார்க்க வேண்டும்; ஓர் இறுதியாண்டு ஆய்வுக்கு அது போதும். மாத்தளைத் தோட்ட லயன் அறைகளில் ஒரு சொக்கட்டில் எத்தனை சாதனம் தொங்குகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். மின்தீக்காயத்தோடு வருபவரிடம் எந்தப் பிளக் என்றும் கேட்டு வைத்தியசாலைகள் பதிய வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் குழுக்களில் பேராசிரியர்களோடு வேலை செய்யும் மின்வினைஞர் ஒருவரும் உட்கார வேண்டும், போக்குவரத்துச் செலவு கொடுத்து. குழு வரைவுகளின் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் கருத்து எழுதும் காலத்துக்குள் வெளிவர வேண்டும். கூரைச் சூரியமின் இன்வேர்ட்டர்கள் பற்றியும் இதே கேள்வியை எழுப்பலாம். அதை அடுத்த ஆண்டு பேச வருபவரிடம் விடுகிறேன்.