சொல் நினைவும் முதுமையும்



மைசூரைச் சேர்ந்த ஹெப்பாளில், தொழிற்பேட்டையை நம்பிக் குடியேறிய தமிழர் பலரோடு நாமும் வாழ்ந்து வருகிறோம். "பாட்டிக்கு மறதி வந்துவிட்டது, சொன்னது எதுவும் நினைவில் நிற்பதில்லை" என்னும் பேச்சு இங்குள்ள இல்லங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. வயதானால் அப்படித்தான் என்று சிலர் தள்ளிவிடுகின்றனர். சிலர் அஞ்சி மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். அங்கே சில சொற்களைக் கூறித் திருப்பிச் சொல்லச் செய்கிறார்கள்; தலையைப் படம் எடுக்கிறார்கள். அச்சோதனை எதை அளக்கிறது, அப்படம் எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம்.

மூளையின் பொட்டு மடலுக்குள், பக்கத்திற்கு ஒன்றாக, சுண்டுவிரல் பருமனில் வளைந்த உறுப்பு ஒன்று இருக்கிறது. கடற்குதிரையை ஒத்திருப்பதால் அதனை ஹிப்போகேம்பஸ் என்பர். அதன் வேலை உலகுக்கு விளங்கியது ஒரு துயர நிகழ்ச்சியால். 1953ஆம் ஆண்டில், வலிப்பு நோயால் வருந்திய ஹென்றி மோலேசன் என்னும் 27 வயது அமெரிக்கருக்கு, அப்பகுதியை இரு பக்கங்களிலும் அறுத்து எடுத்தனர். வலிப்பு தணிந்தது. பேச்சும் பழைய சொல்வளமும் கெடவில்லை. கூறிய எண்களை உடனே திருப்பிச் சொல்வார். ஆனால் கவனம் சற்றே வேறிடம் திரும்பினால் அவற்றைக் கேட்ட நினைவே இராது. 2008இல் இறக்கும் வரையில் அவர் அந்நிலையிலேயே இருந்தார். அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், ஒரு பக்கம் மட்டும் அறுவை செய்யப்பட்டோரையும் ஆராய்ந்தார். இடப்பக்கம் இழந்தோரிடம் சொல் நினைவே பெரிதும் குன்றியிருக்கக் கண்டார்.

முதுமையில் இவ்வுறுப்பு எல்லோருக்கும் மெல்லச் சுருங்குகிறது. சுருக்கம் மிகுந்தோரிடம், கேட்ட சொற்களைச் சிறிது நேரம் கழித்துச் சொல்லும் ஆற்றல் பொதுவாகக் குறைந்திருக்கிறது. எனினும் இது மாற்ற முடியாத விதியன்று. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முதியோர் 120 பேர் பங்குகொண்டனர். ஓராண்டுக் காலம், வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் நடக்கப் பயின்றோருக்கு அவ்வுறுப்பு நூற்றுக்கு 2 பங்கு பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்தோருக்கு 1.4 பங்கு சுருங்கியது. ஹெப்பாள் ஏரிக்கரை வரையில் நடந்து வருவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா!

மூளைப் படம் மட்டும் முழுக்கதையையும் சொல்லிவிடாது. ஒரே அளவு சுருங்கிய இருவருள் ஒருவர் தடுமாறுவார். மற்றவர் தம் அலுவல்களைத் தாமே கவனித்துக்கொள்வார். கல்வி, தொழில், பலரோடு பழகுதல் ஆகியவற்றால் மூளைக்குச் சேமிப்பு ஒன்று அமைகிறது என்று அறிஞர் கருதுகின்றனர். ஹைதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் அறிந்தோரைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசியோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு பிந்தியே தொடங்கியிருந்தது. பள்ளிக்கே செல்லாதோரிடமும் அவ்வேறுபாடு காணப்பட்டது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இதனை உறுதி செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் பேசிவரும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே.

ஆனால் அவ்விரு மொழிகளே சோதனை அறையில் தொல்லையாவதும் உண்டு. பத்துச் சொற்களை மும்முறை கூறுவர். ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் செய்து, சில நிமிடம் கழித்து மீண்டும் கேட்பர். கன்னடப் பட்டியலைத் தமிழில் பெயர்த்துவிட்டால் போதுமே என்று தோன்றும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அதன் இடர் தெரியும். கல் என்பது கன்னடத்தில் கல்லு. புல் என்பது ஹுல்லு. இவை உறவுச் சொற்கள். தமிழ்ச் செவி எளிதில் பற்றிக்கொள்ளும். ஜன்னலோ கிடகி ஆகிறது. நாற்காலி குர்ச்சி ஆகிறது. இங்கே பழகாத மூதாட்டிக்கு முன்னவை எளியவை, பின்னவை வெறும் ஓசை. ஓசையை நினைவில் நிறுத்த இயலாததை மூளையின் குறை என்று கணக்கிடலாமா? இனி, பால் என்ற சொல்லைக் கேட்டவர் பழக்கத்தால் 'ஹாலு' என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நினைவு பிழைக்கவில்லை, மொழிதான் மாறிற்று. தமிழறியாதவர் அதனைத் தவறென்று குறித்துவிடக்கூடும். ஆகவே முதியவர் எம்மொழியில் வளர்ந்தவர், இன்று எம்மொழியில் பேசுகிறவர் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் தெரிவித்து, அம்மொழிக்கென்றே அமைந்த சோதனையைக் கேட்பது நம் கடமை.

செவியையும் மறக்கலாகாது. காதில் விழாத சொல் நினைவில் எப்படி நிற்கும்? மானசகங்கோத்ரியில் 1965இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. கேள்விக்குறைவை அங்கே சோதித்துக்கொள்ளலாம். தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு, சில தூக்க மருந்துகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பலவற்றை மருத்துவத்தால் சரி செய்யலாம்.

சோதனையின் கடைசிப் பகுதி மிகவும் கவனிக்கத்தக்கது. முன்பு கூறிய சொற்களோடு புதியன சிலவற்றைக் கலந்து கூறி, "இதனை முன்பு கேட்டீர்களா?" என்று வினவுவர். தாமாகச் சொல்ல இயலாதவர் அப்போது சரியாக இனங்கண்டுகொண்டால், சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுத்துத் தருவதில்தான் தடை என்று கருத இடமுண்டு. மூளையின் முன்மடலும், பகுதிகளை இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகளும் தளரும்போது அவ்வாறு நேர்வதுண்டு. இனங்காணவும் இயலாவிட்டால் பதிவிலேயே குறை என்று ஐயுற்று, ஹிப்போகேம்பஸை மருத்துவர் கூர்ந்து நோக்குவர். இந்த வேறுபாட்டைக் கண்டறியும் நேரத்தில்தான் நம்மவர் அன்பு மிகுதியால் கெடுத்துவிடுகின்றனர். அருகில் அமர்ந்த மகன், "என்னம்மா, நேற்றுக்கூட வாங்கினோமே!" என்று குறிப்புக் கொடுத்துவிடுகிறார். மகன் அறைக்கு வெளியே காத்திருப்பதே நல்லது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாயின், குடும்பத்தைச் சேராத ஒருவரை அழைத்துச் செல்லலாம்.